ஒரே ஒரு பெருக்கல் குறி

போன வாரம் நம் குழுவில் நீங்கள் வரிசையாகக் கட்டை விரலை உயர்த்தினீர்கள். "பழைய கதை. பாட்டு மாமியே போய்ச் சேர்ந்துவிட்டார். விட்டுவிடுவோமே" என்று ஒருவர் எழுதினார். ஐந்து நிமிடத்துக்குள் ஏழு விரல்கள். ஒருவருக்குக்கூட "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதத் தோன்றவில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் நாம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் பாதிப் பேர். ஆனாலும் ஒருவர் தலையாட்டினால் மிச்சப் பேரும் ஆட்ட வேண்டும் என்ற அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விடப் போவதில்லை. உங்களில் ஒவ்வொருவரும் உங்கள் துண்டை மட்டும் சொன்னீர்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் யாரும் கை கூப்பும் பொம்மை அனுப்ப வேண்டாம்.

இந்த வங்காள ஊரில், டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய அந்தச் சந்து உங்களுக்கு மறந்திருக்காது. கீழே டிபன் கடை, மேலே நம் தமிழ்ச் சங்கத்து ஹால். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். மாமி கையைத் தூக்குவார். ரயில் போய் முடியும் வரை நாம் பன்னிரண்டு பேரும் பாட்டைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வாயைத் திறந்தபடி காத்திருப்போம். கீழேயிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை பலகை இடுக்குகள் வழியாக மேலே வரும். துர்கா பூஜைக்கு முந்தைய ஆறு வாரங்கள் அவை. சந்துமுனையில் பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வருஷம் மழை ஓயவில்லை. ஹால் சுவரில் பச்சையாகப் பாசி ஏறியிருந்தது. ஜமக்காளத்தை உதறினால் ஈர நாற்றம் அடிக்கும்.

நவராத்திரி விழாவில் நாம் பாட வேண்டும். தொடக்கப் பாட்டைத் தனியாகப் பாட மாமி தேர்ந்தெடுத்திருந்தது கீழ்க்கடைக்காரரின் மகளை. அவளுக்கும் நம் வயதுதான், பதினொன்று. குரல் அப்படியொன்றும் தேன் இல்லை, கொஞ்சம் கனத்த குரல். ஆனால் வைத்த இடத்தில் நிற்கும். ஒரு ஸ்வரம் சரியா என்று மாமிக்கே சந்தேகம் வந்தால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாமெல்லாம் மாமியை மாமி என்று கூப்பிட்டோம். அவள் மட்டும் டீச்சர் என்று கூப்பிட்டாள். நம் அப்பாக்கள் கம்பெனியிலும் வங்கியிலும் ஆபீசர்கள்; அவள் அப்பா இட்லி விற்பவர். அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தை அப்போது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது நினைத்தால் எரிகிறது.

அந்த மழையில்தான் சங்கத்துச் செக்ரடரி மாமா மெட்ராஸிலிருந்து புதுச் சுருதிப்பெட்டி வாங்கி வந்தார். இரண்டு நாள் ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாராம். அதுவரை நம்மிடம் இருந்தது சித்பூர் வாத்தியக் கடைத் தெருவில் வங்காளி ஒருவர் செய்த பழைய பெட்டி. துருத்தியில் ஒட்டுப் போட்டிருக்கும், ஆனால் கொடுத்த சுருதியைக் கடைசி வரை விடாது. "நம்ம பாட்டுக்கு நம்ம ஊர்ப் பெட்டிதான்" என்று சொல்லி அதை ஓரங்கட்டினார்கள். அது எங்கே போனதென்று உங்களில் யாருக்காவது தெரியுமா? நான் கடைசியாகப் பார்த்தபோது வாசலில் கிடந்தது. அதன் மேல் செருப்புகள் இருந்தன.

புதுப் பெட்டி அழகுதான். பளபளவென்று மெருகு, பித்தளைக் கொக்கி, உள்ளே சிவப்பு வெல்வெட். மூன்று வாரம் இந்த ஊர் ஈரத்தில் இருந்ததும் அதன் பஞ்சமம் இறங்கிவிட்டது. பாட்டுத் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: சுருதிப்பெட்டியில் ஸட்ஜமும் பஞ்சமமும் ஒன்றாக ஒலிக்கும்போது இரண்டும் கலந்து ஒரே நிலையாக நிற்க வேண்டும். நம் பெட்டியில் அவை கலக்கவில்லை. வாவ், வாவ் என்று ஓர் அலைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு வங்காளி மாஷிமாவுக்கே கேட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கீ ரே, பேஷுரோ லாக்ச்சே" என்றாள். என்ன, சுருதியே சேரவில்லையே என்று அர்த்தம். செக்ரடரி மாமா சிரித்தார். "நம்ம சங்கீதம் அவாளுக்கு என்ன தெரியும்" என்றார். நாமும் சிரித்தோம்.

கடைக்காரர் மகள் சிரிக்கவில்லை. "டீச்சர், பெட்டியில பஞ்சமம் இறங்கியிருக்கு" என்றாள்.

செக்ரடரி மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியின் துருத்தியை அமுக்கிக்கொண்டே, "எல்லாரும் கேளுங்கோ. ஒவ்வொருத்தரா சொல்லுங்கோ. சுருதி சரியா இருக்கா?" என்று முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். முதலில் உட்கார்ந்திருந்தது செக்ரடரி மாமாவின் மகள். அப்பா அங்கேயே இருக்கிறார். "சரியா இருக்கு மாமி" என்றாள். அடுத்தவன் சரி. இரட்டையர் இருவரும் சரி. வங்கி ஆபீசர் பையன் சரி. நான் எட்டாவது ஆள். என் காதில் அந்த அலைச்சல் தெளிவாகக் கேட்டது. ஆனால் எனக்கு முன்னால் ஏழு பேர் சரி சொல்லிவிட்டார்கள். ஏழு பேருக்குக் கேட்காதது எனக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று ஒரு நொடி என் காதையே சந்தேகப்பட்டேன். வாயில் "சரி மாமி" என்று வந்துவிட்டது. அது அவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் தாங்கவில்லை.

கடைசியில் அவள் முறை. "இப்போ சொல்லு" என்றார் மாமி.

"இறங்கித்தான் இருக்கு டீச்சர்."

பதினொரு பேர் திரும்பி அவளைப் பார்த்தோம். பெரிய குற்றம் செய்தவளைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை நாம் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. தானாக வந்தது.

அன்று வீடு திரும்பும்போது ஏரிக்கரையில் அப்பா என் கையைப் பிடித்து நடந்தார். அவர் ஹாலின் பின்வரிசையில் மற்ற அப்பாக்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல கேள்வி ஞானம் உள்ளவர். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சிரித்தார்.

"அந்தப் பெட்டில பஞ்சமம் செத்துக் கிடக்குடி. அந்தக் கடைக்காரர் பொண்ணுக்கு என்ன காது."

"அப்போ நீங்க ஏம்ப்பா சொல்லலை?"

"எங்கே சொல்றது? செக்ரடரி எனக்கு ஆபீஸ்ல மேலே இருக்கறவர். ஒரு பெட்டிக்காக மூஞ்சியை முறிச்சுக்க முடியுமா?"

நாலு பேர் நடுவில் ஒரு காது, ஏரிக்கரையில் இன்னொரு காது. என் அப்பா நல்லவர்தான். நம் எல்லார் அப்பாவும் நல்லவர்கள்தான். அந்த நல்லவர்கள் அத்தனை பேரும் அன்று பின்வரிசையில் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட. அடுத்த ஞாயிறு அவள் அப்பா மேலே ஏறி வந்தார். துண்டில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவரை உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"பிள்ள சும்மா சொல்லாதுங்கய்யா. நானே பெட்டிய சித்பூருக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேன். ஒரு பொழுது வேலைதான்."

"மெட்ராஸ்ல வாங்கின பெட்டி. இங்கே இருக்கிற ஹார்மோனியக் கடைக்காரன் அதுல என்னத்தைப் பார்ப்பான்?" என்றார் செக்ரடரி மாமா. பிறகு தன் பெருந்தன்மையை அவரே மெச்சிக்கொள்ளும் குரலில், "சரி, நாம எல்லாம் படிச்சவா. குழந்தைகள் ரகசியமா எழுதிப் போடட்டும். பேர் வேண்டாம்" என்றார்.

சுருதியை ஓட்டுப் போட்டுத் தீர்மானித்த ஒரே சங்கம் உலகத்தில் நம்முடையதாகத்தான் இருக்கும்.

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துப் பன்னிரண்டு சீட்டாக்கினார் மாமி. நம்மில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத வராது. அதனால் சரியென்றால் டிக், தப்பென்றால் இன்ட்டு என்று சொன்னார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து எழுதினோம். எனக்கு அப்பா சொன்னது காதிலேயே இருந்தது. யார் எழுதியதென்று தெரியாது என்ற தைரியமும் இருந்தது. பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, நாலாக மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டேன். அவளுக்குத் துணையாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி நம் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று சீட்டுகளைப் பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பன்னிரண்டையும் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். "ஒண்ணே ஒண்ணுதான் இன்ட்டு. மத்ததெல்லாம் டிக். அது யாரோடதுன்னு நான் கேக்கப் போறதில்லை."

கேட்க வேண்டிய அவசியம் என்ன? எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தோம்.

"அது என்னோடது இல்ல டீச்சர்" என்றாள்.

"செஞ்சது ஒண்ணு. இப்போ பொய் வேறயா?"

"சத்தியமா என்னோடது இல்ல டீச்சர்."

அவள் சொன்னது உண்மை என்று எனக்கு உடனே தெரிந்தது. ஒரே ஒரு பெருக்கல் குறி என்றால் அது என்னுடையது. அப்படியானால் அவள் டிக் போட்டிருக்கிறாள். வாயால் அத்தனை வீரமாகச் சொல்லிவிட்டு, சீட்டில் கட்சி மாறியிருக்கிறாள். நான் துணைக்குப் போனேன், இவள் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாள். பதினொரு வயதுக்காரிக்கு அப்படித்தான் தோன்றியது. எனக்கு வந்த கோபம் மாமி மேல் வரவில்லை. செக்ரடரி மாமா மேல் வரவில்லை. அவள் மேல் வந்தது. என் சீட்டுக்காக அவள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள், நான் ஜமக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பூஜை முடியும் வரை வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். தொடக்கப் பாட்டு செக்ரடரி மகளுக்குப் போயிற்று. விழாவுக்கு வந்த வயலின்காரர் பெட்டியைக் கேட்டு ஒரு தரம் முகம் சுளித்தார், முன்வரிசையைப் பார்த்தார், பேசாமல் தன் தந்தியை இறக்கிக்கொண்டார். பதினொரு பேர் அந்தப் பெட்டிக்குப் பாடினோம். கைதட்டல் பிரமாதம். என் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குளிர்காலம் வந்ததும் செக்ரடரி மாமா அந்தப் பெட்டியைச் சத்தமில்லாமல் சித்பூருக்கே அனுப்பினார். ஈரத்தில் ரீடு, அதாவது உள்ளே ஒலிக்கிற பித்தளை நாக்கு, பச்சை பிடித்திருக்கிறது என்று அங்கே ஹார்மோனியக் கடைக்காரர் சுரண்டிக் கொடுத்தாராம். கால் மணி நேர வேலை. பெட்டி சுத்தமான சுருதியோடு திரும்பி வந்தது. "இப்போ எவ்வளவு நன்னா சேர்றது" என்று மாமி நம் முன்னாலேயே சொன்னார். சொன்னவருக்கு, அப்படியென்றால் முன்னால் சேரவில்லை என்று ஒரு பெண் சொன்னாளே, அவளைக் கூப்பிடுவோம் என்று தோன்றவில்லை. ஒரு மாடி கீழே இருந்தாள். பெரியவர்களில் ஒருவரும் கூப்பிடவில்லை. நாமும் கேட்கவில்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். யாரோ விழாப் படத்தைப் போட்டார்கள். வங்கி ஆபீசர் பையன், அவனுக்கும் இப்போது பல் செட்தான், இப்படி எழுதினான்: "யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரே பெருக்கல் குறி என்னுடையது." அரை மணியில் இரட்டையரில் மூத்தவள்: "தப்பு. அது நான் போட்டது." பிறகு இளையவளும் அதையே சொன்னாள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நான்காவதாகச் செக்ரடரி மாமாவின் மகள் எழுதினாள்: "நானும்தான் போட்டேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்." யாருடைய "சரி" நம் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போயிற்றோ, அவளே. ஐந்தாவது நான். மாமி கைப்பைக்குள் போட்டுக்கொண்டது குறைந்தது ஐந்து பெருக்கல் குறிகளை. ஆளுக்கு ஒன்றாக, அந்த ஒன்று தன்னுடையதுதான் என்று நினைத்து, ஐந்து பேரும் ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். இது தெரிந்த பிறகு நீங்கள் செய்தது கட்டை விரலை உயர்த்தியது.

என் மகள் கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறாள். அவளிடம் சொன்னேன். டாக்டர் விசாரிப்பதுபோல் விசாரித்தாள்.

"எத்தனை பேர்ம்மா?"

"பன்னெண்டு."

"முதல்ல யார் சொன்னா?"

"செக்ரடரி பொண்ணு. அவரும் நாற்காலி போட்டுண்டு அங்கேயே இருந்தார்."

"சத்தமா சொல்லணுமா? ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா?"

"ஆமா."

"அப்புறம் வேற என்னம்மா நடக்கும்? வருஷா வருஷம் இதைத்தான் நான் பாடமா நடத்தறேன். யாரா இருந்தாலும் நிறைய பேர் அப்படித்தான் பண்ணுவா. நீ ஒண்ணும் தனியா கெட்டவ இல்லை."

எனக்குச் சுர்ரென்றது. ஒரு அநியாயத்துக்குப் பாடப் புத்தகத்தில் இடம் கிடைத்துவிட்டால் அது அநியாயம் இல்லையென்று ஆகிவிடுமா? எல்லோரும் செய்வார்கள் என்பதுதானே அன்றைக்கும் நம் எல்லாருடைய சாக்கு. அவளிடம் கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணும் பாடத்துல இருக்கும்மா. கூட ஒரே ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் நின்னிருப்பா. ஒருத்தர் போதும்."

மறுநாள் காலையே டாக்குரியாவுக்குக் கிளம்பினேன். நான் இருக்கும் சால்ட் லேக்கிலிருந்து ஒரு பஸ், அப்புறம் ஒரு ஆட்டோ. இந்த ஊரை விட்டு நான் எங்கும் போகவில்லை, அவளும் போகவில்லை. அவ்வளவு தூரத்தைக் கடக்க எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மேலே ஹாலில் இப்போது டியூஷன் சென்டர். கீழே கடை இருக்கிறது. கல்லாவில் அவள்தான் இருந்தாள். தலை முழுக்க நரை, கண்ணாடி. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே திரும்பி வங்காளத்தில் இரண்டு காபி சொன்னாள். பேரன் படிப்பு, முழங்கால் வலி எல்லாம் பேசினோம். பாடுவதுண்டா என்று கேட்டேன்.

"பாட்டா? அன்னைக்கோட சரி. ஸ்கூல்ல காலையில பிரேயருக்குக்கூட வாய மட்டும்தான் அசைப்பேன்."

"அந்தச் சீட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"நான் டிக்குதான் போட்டேன். நீங்க அத்தன பேரும் சரின்னு சொன்னீங்க. ஒரு வாரமா யாரும் பேசலை. என் காதுதான் கோளாறுன்னு நெனச்சேன். டிக் போட்டா மறுபடி சேத்துக்குவாங்கன்னு போட்டேன்." காபியை என் பக்கம் நகர்த்தினாள். "அப்புறம் டீச்சர் ஒரு இன்ட்டு இருக்குன்னாங்கள்ல? அவங்க திட்டுதாங்க, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். யாரோ ஒருத்தருக்குக் கேட்டிருக்கு. என் காது சரிதான். அந்த ஒருத்தர் வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் பாட்டு முடிஞ்சு இந்தக் கடைய தாண்டித்தான் போவீங்க. இங்கனயே உக்காந்து ஒவ்வொரு மூஞ்சியா பாப்பேன். எந்த மூஞ்சின்னு தெரியலை. ஒரு வருசம் பாத்தேன். அப்புறம், அப்படி ஒரு சீட்டே இல்லபோல, டீச்சர் என்னத் திட்டுறதுக்காகச் சொல்லிட்டாங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கடையைத் தாண்டும்போது நான் வேண்டுமென்றே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவேன். கட்சி மாறியவள் முகத்தில் விழிக்கக் கூடாதென்று.

"சீட்டு இருந்தது. அது நான்தான்" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நீயா?"

"நான் மட்டும் இல்லை. அஞ்சு பேர்."

"அஞ்சு பேரா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து இட்லி கேட்டார். அவள் காதில் விழவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "மத்த நாலு பேரு யாரு?" என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். கடை காலை ஆறரைக்குத் திறக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று யாரும் குழுவில் நாள் குறிக்க வேண்டாம். தனித்தனியாகப் போங்கள்.